அஸ்ஸாம் டைப் வீடு

குவாஹாத்தியில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கேட்டில் தொங்கும் அட்டையானாலும் சரி, தரகர் வாயானாலும் சரி, இங்கே வீடுகள் இரண்டே ரகம். ஒன்று ஆர்.சி.சி., இன்னொன்று ஏ.டி. நம்மூர் ஆள் முதல் தடவை கேட்டால் என்னவோ ஏதோ என்று விழிப்பார். ஏ.டி. என்றால் அஸ்ஸாம் டைப். தகரக் கூரை, முன்னால் நீளமான வராந்தா, மரச் சட்டங்கள் கட்டம் கட்டமாகத் தெரியும் வெள்ளைச் சுவர், சுற்றிலும் பாக்கு மரமும் கொஞ்சம் தோட்டமும். ஏ.டி. வாடகை குறைவு. 'சார், ஃபேமிலியோட இருக்கப் போறீங்க, ஆர்.சி.சி. பாருங்க' என்று தரகரே நம்மைத் திருப்பி விடுவார்.

ஒரு மாநிலத்தின் பெயரையே தாங்கி நிற்கும் வீடு இந்தியாவில் வேறு எங்காவது இருக்கிறதா என்று தெரியவில்லை. 'தமிழ்நாடு டைப்' என்று யாரும் சொல்வதில்லை. 'மெட்ராஸ் டெரஸ்' என்று ஒன்று உண்டு, ஆனால் அது கூரைக்கு மட்டும் வந்த பெயர். இங்கேயோ நகராட்சி வரி படிவத்தில், பொதுப்பணித் துறை மதிப்பீட்டில், எங்கள் வங்கியின் கடன் கோப்பில் என்று எல்லா இடத்திலும் அஸ்ஸாம் டைப் ஒரு தனி இனம். அந்தக் கடன் கோப்பு வழியாகத்தான் எனக்கும் இந்த வீட்டின் மேல் ஆர்வம் வந்தது. அடியேன் படித்தது பி.காம். கட்டடக் கலைக்கும் எனக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ஆனால் காட்டுக்கு நடுவில், மழைக்கும் பூகம்பத்துக்கும் ஈடு கொடுத்து, மண்ணுக்குப் பாரமில்லாமல் ஒரு வீடு கட்டுவது எப்படி என்று இன்றைக்குப் பளபளப்பான பத்திரிகைகளில் வரும் கேள்விக்கு இந்த ஊர் தச்சர்கள் எப்போதோ ஒரு பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பதில் எப்படி உருவானது, யார் அதை அழித்தார்கள் என்பதுதான் கதை.

கொஞ்சம் பின்னால் போவோம். 1662ல் ஔரங்கசீப்பின் தளபதி மீர் ஜும்லா அஹோம் ராஜ்ஜியத்தின் மேல் படையெடுத்தார். கூடவே வந்த ஷிஹாபுத்தீன் தாலிஷ் பாரசீக மொழியில் அந்தப் படையெடுப்பை எழுதி வைத்தார். தில்லி, ஆக்ரா கோட்டைகளைப் பார்த்துப் பழகிய கண். அந்தக் கண்ணுக்கு இங்கே வியப்பாகத் தெரிந்தது, கோயில்களையும் ஒன்றிரண்டு வாயில்களையும் தவிர, ராஜாவிலிருந்து குடியானவர் வரை எல்லோரும் மரம், மூங்கில், வைக்கோல் வீடுகளில் இருந்ததுதான். தலைநகர் கர்காவில் ராஜ சபை மண்டபமே மரக் கட்டடம். 120 முழம் நீளம், 30 முழம் அகலம், 66 தூண்கள் என்று அளவெல்லாம் கொடுக்கிறார். கல்லில் கட்டத் தெரியாதவர்கள் என்று இவர்களை நினைத்துவிடக் கூடாது. பின்னால் சிவசாகரில் இதே அஹோம் ராஜாக்கள் கட்டிய செங்கல் ரங்கர் இன்றும் நிற்கிறது. தெரிந்தும், குடியிருக்க மரத்தையும் மூங்கிலையும் வைத்துக்கொண்டார்கள்.

மலைக்கு மேலே காசி மக்களிடம் இது இன்னும் தெளிவாகச் சட்டமாகவே இருந்தது. குர்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி காசிகளைப் பற்றி 1907ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் வீடு கட்டும்போது செய்யக் கூடாதவை என்று சிலவற்றைக் குறிக்கிறார். நான்கு பக்கமும் கல் சுவர் வைத்துக் கட்டக் கூடாது. ஆணி அடிக்கக் கூடாது. காரணம் எதுவும் சொல்லப்படவில்லை, விலக்கு, அவ்வளவுதான். நம் பாட்டிகள் 'செவ்வாய்க்கிழமை நகம் வெட்டாதே' என்பது மாதிரி. ஆனால் நில அதிர்ச்சியில் நான்கு கல் சுவருக்குள் இருப்பவன் கதி என்ன, ஆணியடித்த மூட்டு எப்படி உடையும், கயிறும் பொருத்தும் உள்ள மூட்டு எப்படி வளைந்து கொடுக்கும் என்று யோசித்துப் பார்த்தால் எனக்கு அந்த விலக்கு மூடநம்பிக்கையாகத் தெரியவில்லை. யாரோ எப்போதோ பட்ட அடி காரணத்தை உதிர்த்துவிட்டு விலக்கு மட்டும் மிஞ்சி நின்றிருக்கலாம். இது என் ஊகம்தான்.

கீழே பிரம்மபுத்திராக் கரையில் மிசிங் மக்கள் கால்களின் மேல் வீடு கட்டினார்கள். சாங் கர் என்று பெயர். வெள்ளம் தரைக்கும் தளத்துக்கும் நடுவில் ஓடிப் போய்விடும். தேயிலைத் தோட்டம் போட வந்த வெள்ளைக்காரர்கள் காட்டின் ஈரத்துக்கும் பாம்புக்கும் பயந்து இதையே பெரிதாக்கிக் கொண்டார்கள். இன்றைக்கு சுற்றுலாப் பயணிகளுக்கு ஒரு ராத்திரிக்கு ஆயிரக்கணக்கில் வாங்கும் 'சாங் பங்களா' அப்படி வந்ததுதான்.

ஆனால் அரசாங்கம் என்றால் கல் வேண்டாமா? 1874ல் அஸ்ஸாம் தனி மாகாணமானபோது ஷில்லாங் அதன் தலைநகரமானது. ஐயாயிரம் அடி உயரம், பைன் காடு, குளிர், தூறல். ஊர் ஞாபகம் வந்துவிட்டது துரைகளுக்கு. கல்லால் அலுவலகம், கல்லால் தேவாலயம், கல்லால் பங்களா என்று எழுப்பினார்கள். காசிகள் எதை விலக்கி வைத்திருந்தார்களோ அதையே அவர்கள் மலையில், அவர்கள் கண் முன்னால்.

1897 ஜூன் 12, சனிக்கிழமை. விக்டோரியா ராணியின் வைர விழாவுக்கு இன்னும் பத்து நாள். மாலை ஐந்தே கால் மணி. பூமி ஆடியது. எட்டுக்கு மேற்பட்ட அளவு என்று இன்று கணிக்கிறார்கள். ஷில்லாங்கில் கல் கட்டடம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சவில்லை. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஓல்ட்ஹாம் என்பவர் ஊர் ஊராகப் போய்ப் பார்த்து 1899ல் வெளியிட்ட அறிக்கை இன்றும் இந்தத் துறையில் வேதப் புத்தகம். பெரிய பெரிய பாறைகள் தாம் பதிந்திருந்த குழியின் விளிம்பைக்கூடச் சிதைக்காமல் மேலே எகிறி வெளியே விழுந்து கிடந்ததை அவர் கண்டார். அதாவது புவியீர்ப்பையும் மீறிய வேகத்தில் தரை மேல்நோக்கி உதைத்திருக்கிறது. பூகம்ப அலைகளில் முதல் அலை, இரண்டாம் அலை என்று தனித்தனியே உண்டு என்பதை அவர் பிரித்துக் காட்டியதும் இந்த அதிர்ச்சியின் பதிவுகளைக் கொண்டுதான். பிறகு 1906ல் பூமிக்கு உள்ளே தனியாக ஒரு கரு இருக்கிறது என்று நிறுவியவரும் இதே மனிதர். உலகத்தின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதற்குத் துப்புக் கிடைத்தது நம்ம ஷில்லாங் பக்கத்தில் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. (பத்து வருஷம் இங்கே குப்பை கொட்டிய உரிமை!)

இறந்தவர்கள் சுமார் 1,500 பேர். பெரும்பாலும் மலைகளில், நிலச்சரிவில். இவ்வளவு பெரிய அதிர்ச்சிக்கு இது குறைவுதான். லேசான வீடுகள்தான் காப்பாற்றின என்று இங்கே பலர் சொல்வார்கள். வங்கிக்காரன் புத்தி வரவையும் செலவையும் சேர்த்தே பார்க்கும். மாலை நேரம், ஜனங்கள் வெளியே இருந்தார்கள், ஜனத்தொகையும் குறைவு. அதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒன்று மிஞ்சுகிறது. இடிந்தவை கல்லும் செங்கல்லும். மரச் சட்டத்தில் நாணல் செருகிய வீடுகள் வளைந்தன, சாய்ந்தன, ஆனால் உள்ளே இருந்தவர்கள் தலையில் கல்லாக விழவில்லை.

அதற்குப் பிறகு ஷில்லாங்கை மறுபடி கட்டியபோது துரைகள் வீம்பு பிடிக்கவில்லை. அதை மெச்சத்தான் வேண்டும். கல்லை இடுப்பளவோடு நிறுத்திவிட்டு மேலே மரச் சட்டம், நாணல் சுவர், தகரக் கூரை என்று வந்துவிட்டார்கள். இடிந்த தேவாலயத்துக்குப் பதிலாக 1902ல் எழுந்த ஆல் செயின்ட்ஸ் தேவாலயம் மரத்தில் கட்டியது. அரசு குடியிருப்புகள், பள்ளிக்கூடங்கள், தபாலாபீஸ், ரயில்வே குவார்ட்டர்ஸ் என்று பொதுப்பணித் துறை இந்த அச்சிலேயே வார்த்துத் தள்ளியது. கிராமத்து நாணல் சுவரும், பிரிட்டனிலிருந்து கப்பலில் வந்த நெளித் தகரமும், ஆங்கிலேயர் பங்களாவின் வராந்தாவும் சேர்ந்து பிறந்த பிள்ளை இது. அஸ்ஸாம் டைப் என்று பெயர் வைத்ததால் ஆதிகாலத்து வீடு என்று நினைத்துவிட வேண்டாம். அதன் காலத்தில் அதுதான் நவீன வீடு.

எப்படிக் கட்டுகிறார்கள் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்ல ஆசை. முதலில் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயர மேடை. அதன் மேல் சால் மரத் தூண்கள். பழைய வீடுகளில் தூணை மண்ணில் நட்டார்கள். பிறகு கல் அல்லது கான்கிரீட் பீடத்தில் இரும்புப் பட்டை வைத்து போல்ட் போட்டார்கள். அப்போதுதான் தூணின் அடி ஈரத்தில் மக்காது. ஜன்னல் மட்டம் வரை செங்கல் சுவர், மழைச் சாரல் அடிக்கும் பகுதி என்பதால். அதற்கு மேல் குறுக்கும் நெடுக்கும் மரச் சட்டங்கள். அந்தக் கட்டங்களுக்குள் இகரா என்கிற நாணலை நெருக்கமாகச் செங்குத்தாக நிறுத்தி, மூங்கில் தப்பை வைத்துப் பிடித்து, இரண்டு பக்கமும் களிமண்ணும் சாணமும் குழைத்துப் பூசி, சுண்ணாம்பு அடித்தால் சுவர். மூன்று அங்குலக் கனம் வந்தால் அதிகம். மேலே மரக் கைமரங்கள், தகரம், அதன் கீழே மூங்கில் பாய் அல்லது துணி வைத்து உள்கூரை. சமையலறை பெரும்பாலும் பின்னால் தனியாக, நெருப்புப் பயத்தால்.

இதில் கணக்கு எங்கே வருகிறது என்றால், எடையில். பூகம்பம் ஒரு வீட்டைத் தள்ளும் விசை அந்த வீட்டின் எடையைப் பொறுத்தது. கனமான வீடு தனக்குத் தானே அடி வாங்கிக்கொள்கிறது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் சதுர மீட்டருக்கு 400 கிலோவைத் தாண்டும். இகரா சுவர் 100 கிலோவை ஒட்டி. ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 300 கிலோ. தகரம் 5 கிலோ. ஒன்று தலைக்கு மேல் விழுந்தால் என்ன ஆகும், இன்னொன்று விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்ஜினீயரிங் படித்திருக்க வேண்டியதில்லை. தவிர, நாணல் சுவர் ஆடும்போது பூச்சு விரிசல் விடும். அந்த விரிசலில்தான் அதிர்வின் சக்தி கரைகிறது. மறுநாள் ஒரு கூடை களிமண் குழைத்து அப்பினால் வீடு தயார்.

மழைச் சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜூன் மாதத்து ராத்திரி தகரக் கூரையின் மேல் பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கின் மழை விழும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடியாது. முதல் மாதம் எரிச்சலாக இருக்கும். பிறகு அது இல்லாமல் தூக்கம் வராது. ஆர்.சி.சி. ஃபிளாட்டுக்குக் குடிமாறிய பின் மழைக்காலத்தில் தூக்கம் கெட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும், என் சம்சாரம் உட்பட :-)

1950 ஆகஸ்ட் 15, சுதந்திர தின ராத்திரி. இன்னொரு முறை பூமி புரண்டது. அளவு 8.6. நிலத்தில் நிகழ்ந்து கருவிகளில் பதிவானவற்றில் இதுதான் ஆகப் பெரியது. திபெத் எல்லையில் ரீமா அருகே முகாம் போட்டிருந்த தாவர வேட்டைக்காரர் கிங்டன் வார்டு தம்பதி இதை நேரில் அனுபவித்தார்கள். மலைகள் சரிந்து சுபன்சிரி ஆற்றை அடைத்தன. எட்டு நாள் கழித்து அந்த அணை உடைந்து வந்த வெள்ளத்தில் மட்டும் 500க்கு மேல் இறந்தார்கள். திப்ருகர் அருகே பிரம்மபுத்திராவின் படுகையே மேலேறி, நதி ஊரைத் தின்ன ஆரம்பித்தது. மேல் அஸ்ஸாமில் இன்று எழுபத்தைந்து தாண்டியவர்களுக்கு அவரவர் வீட்டில் சொல்லக் கேட்ட 'பெரிய பூகம்பம்' இதுதான். பல ஆயிரம் வீடுகள் சேதம். ஆனாலும் வீட்டுக்குள் நசுங்கிச் செத்தவர்களைப் பற்றிய பேச்சைவிட வெள்ளத்தைப் பற்றிய பேச்சுதான் அங்கே அதிகம் கேட்கும்.

இவ்வளவு சோதனை தாண்டிய வீடு பிறகு எப்படித் தோற்றது? பூகம்பத்தால் இல்லை.

முதல் காரணம் நிலத்தின் விலை. 1972ல் மேகாலயா தனி மாநிலமாகி, அஸ்ஸாமின் தலைநகரம் குவாஹாத்தி பக்கம் திஸ்பூருக்கு வந்தது. ஒரு கட்டா நிலம் தங்கமானது. ஏ.டி. வீடு ஒரு மாடிக்கு மேல் சுகப்படாது. தரையோடு பரந்து கிடக்கும் வீட்டை இடித்தால் ஐந்து மாடி ஏற்றலாம் என்றால் எந்தப் பிள்ளை தாத்தா வீட்டை வைத்திருப்பான்? இதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்த ஐந்து மாடிகளுக்குக் கடன் கொடுத்தவர்களில் நாங்களும் உண்டு.

இரண்டாவது காரணம்தான் எனக்கு வியப்பாக இருந்தது. அதன் வேர் நம்ம நீலகிரியில் இருக்கிறது. கூடலூர் காடுகளில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். ஒரு தாலுகாவின் காட்டுக்காகப் போட்ட வழக்கை நீதிமன்றம் நாடு முழுவதற்குமாக விரித்தது. 1996 டிசம்பர் 12ல் நீதிபதிகள் ஜே.எஸ். வர்மா, பி.என். கிர்பால் கொடுத்த இடைக்கால உத்தரவில், காடு என்றால் அகராதி சொல்லும் பொருளில் காடு, அது யார் பெயரில் இருந்தாலும் சரி என்றார்கள். வடகிழக்கின் ஏழு மாநிலங்களிலிருந்தும் மரம் வெளியே போகத் தடை. அருணாசலத்தையொட்டிய மர அறுவை மில்களும் பிளைவுட் மில்களும் மூடப்பட்டன. மார்கெரிட்டா, லேடோ பக்கம் வேலை போனவர்கள் பலர். கூடலூரில் கிளம்பிய காற்று திப்ருகரில் மரத்தூசியை அடக்கியது.

உத்தரவு தேவையானதுதான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் காடுகளைத் தின்றது யார் என்று ஒரு பற்று வரவு போட்டால், ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகள் ஒரு பக்கம், உலகமெங்கும் அஸ்ஸாம் தேயிலையைச் சுமந்து போன பிளைவுட் பெட்டிகள் ஒரு பக்கம், வெளி மாநிலங்களுக்கு லாரி லாரியாகப் போன மரம் ஒரு பக்கம். தலைமுறைக்கு ஒரு தடவை இருபது தூண் வாங்கும் வீட்டுக்காரன் கடைசி வரியில் வருவான். 1998ல் நிபந்தனைகளோடு தடையைத் தளர்த்தினார்கள். அதற்குள் நல்ல சால் மரம் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத விலைக்குப் போயிருந்தது. தச்சர்களின் பிள்ளைகள் சென்டரிங் வேலைக்குப் போய்விட்டார்கள்.

சரி, மரத்துக்குப் பதிலாக சிமென்ட் வந்தது, காடு பிழைத்ததா? சிமென்டுக்குச் சுண்ணாம்புக்கல் வேண்டும். அது இருப்பது மேகாலயாவின் மலைக் காடுகளுக்கு அடியில். ஜைந்தியா மலையில் லும்ஷ்னாங் வழியாகப் போனவர்கள் வரிசையாக நிற்கும் ஆலைகளைப் பார்த்திருப்பீர்கள். காசி மலையில் நோங்டிராய் சுரங்கத்திலிருந்து 17 கிலோமீட்டர் நீள கன்வேயர் பெல்ட் எல்லை தாண்டி பங்களாதேஷின் சாத்தக் ஆலைக்குக் கல்லைக் கொண்டு போகிறது. அந்தச் சுரங்கம் காட்டு நிலமா இல்லையா என்ற லஃபார்ஜ் வழக்கு 2011ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. எந்த வழக்கின் கிளையாகத் தெரியுமா? அதே கோதவர்மன் வழக்கு. நீதிமன்றம் சுரங்கத்தை அனுமதித்தது. ஆக, காட்டை மேலே இருந்து வெட்டுவதற்குப் பதில் கீழே இருந்து தோண்டுகிறோம்.

நிற்க. மூன்றாவது காரணம் என் மேஜைக்கு வந்தது.

சோனாபூர் போகும் வழியில், பின்னால் சால் காடு, முன்னால் குளம் என்று ஒரு மனை. மியாதி பட்டா. (பட்டா என்ற சொல் இங்கேயும் பட்டாதான், முதல் நாள் கேட்டபோது ஊருக்கே திரும்பிவிட்டது போல இருந்தது.) மனைக்குச் சொந்தக்காரர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. ஊரே அவரை பைதேவ் என்றுதான் கூப்பிடும். நானும் அப்படியே. அங்கே புதிதாக ஒரு ஏ.டி. வீடு கட்ட வேண்டும், கடன் வேண்டும் என்று வந்தார். சிலிகுரியில் இருக்கும் மகன் ஆர்.சி.சி. கட்டச் சொல்கிறான், இவருக்கு மனமில்லை.

வீட்டுக் கடனில் ஒரு விதி உண்டு. கடன் தவணை முடியும் வரையாவது கட்டடம் உயிரோடு இருக்க வேண்டும். நியாயம்தானே? ஆனால் உயிர் எவ்வளவு என்று சொல்கிறவர் மதிப்பீட்டாளர். ஆர்.சி.சி. என்றால் 60 வருஷம் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார். ஏ.டி. என்றால் பேனா தயங்கும். தீ இன்ஷூரன்ஸிலோ மூங்கில், மரப்பலகை, ஓலை எல்லாமே ஒரே கூடையில் 'கச்சா' கட்டுமானம். பழைய அகில இந்திய தீக் காப்பீட்டு விகிதப் பட்டியலில் அப்படித்தான் வரையறை. கேன்வாஸ் கூடாரமும் அதே வரியில்தான்! பூச்சுப் பூசிய இகரா சுவர் அதில் சேருமா சேராதா என்று ஒவ்வொரு கோப்பிலும் ஒரு கடிதப் போக்குவரத்து நடக்கும். இப்படிப் பத்து வருஷம் தள்ளினால் போதும், ஒரு ஊரின் வீடு மாறிவிடும். யாரும் தடை போட வேண்டியதில்லை.

மதிப்பீட்டாளர் பைதேவின் இப்போதைய குடும்ப வீட்டையும் பார்த்து அறிக்கை கொடுத்திருந்தார். அவர் மாமனாரின் தகப்பனார் கட்டியது, 1950க்கு முந்தியது. அறிக்கையில் நில மதிப்பு இவ்வளவு லட்சம், கட்டட மதிப்பு 'இல்லை'. தேய்மானக் கணக்குப்படி சரிதான். நான் கையெழுத்தும் போட்டேன். 'அந்த இல்லைக்குள்ள உக்காந்துதான் சார் நாங்க நாப்பது வருஷமா சாப்பிடறோம்' என்றார் பைதேவ், டீக் கோப்பையை நீட்டியபடி.

ஏ.டி. வீட்டுக்குக் குறையே இல்லை என்று நான் வக்காலத்து வாங்கவில்லை. கரையான் தின்னும். மூங்கில் உளுக்கும். வருஷா வருஷம் பராமரிக்க ஆள் வேண்டும், பணம் வேண்டும். வெயில் காலத்து மதியத்தில் தகரத்தின் கீழ் வேகலாம். தீப்பிடித்தால் ஒரு வரிசையே போகும். திருடனுக்கு நாணல் சுவர் ஒரு பொருட்டில்லை. அதேபோல ஒழுங்காகக் கட்டிய கான்கிரீட் நன்றாகவே நிற்கும். 2002ல் திருத்திய இந்திய பூகம்ப விதித்தொகுப்பு அஸ்ஸாமை ஆக அபாயமான ஐந்தாம் மண்டலத்தில் வைத்து, கம்பி எப்படிக் கட்ட வேண்டும், தூண் எவ்வளவு பருமன் என்றெல்லாம் சொல்லித்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், கீழே கார் நிறுத்த வெறும் தூண்கள், மேலே நாலு மாடி, கம்பி கட்டுவது மேஸ்திரியின் ஞாபகப்படி என்பதுதான் தெருவில் நடப்பது. தப்பாகக் கட்டிய இகரா வீடு சாயும். தப்பாகக் கட்டிய கான்கிரீட் வீடு அடுக்கிய அப்பளம் போல உட்காரும்.

2011 செப்டம்பரில் சிக்கிம் ஆடியபோது பார்த்து வந்த இன்ஜினீயர்கள் இதைத்தான் எழுதினார்கள். பழைய இகரா வீடுகள் சுமாரான விரிசலோடு தப்பின, புதிய கான்கிரீட் மாடிகள் பல அடிபட்டன. 2016 ஜனவரி 4 விடியற்காலையில் மணிப்பூர். இம்பாலில் பெண்கள் நடத்தும் புகழ்பெற்ற இமா சந்தையின் புதிய கட்டடங்கள் பிளந்தன. 2021 ஏப்ரல் 28 காலையில் தேகியாஜுலி பக்கம் ஆடியபோது குவாஹாத்தியில் நாங்களும் ஃபிளாட் படிக்கட்டில் செருப்பில்லாமல் ஓடி இறங்கினோம்.

2005ல் காஷ்மீர் பூகம்பம். எல்லைக்கு அந்தப் பக்கம் மறு கட்டுமானத்துக்கு அரசு பணம் கொடுத்தபோது ஆரம்பத்தில் கான்கிரீட், செங்கல் வகை வீடுகளுக்கே அங்கீகாரம். மலை மேலே சிமென்ட் கொண்டு போகவும் முடியாமல், பணமும் வராமல் ஜனங்கள் தவித்தார்கள். பிறகு மரச் சட்டத்துக்குள் சின்னக் கல்லும் மண்ணும் நிரப்பும் பழைய தஜ்ஜி முறையையும் அரசு ஏற்றுக்கொண்டது. உடனே பல்லாயிரக்கணக்கான தஜ்ஜி வீடுகள் எழுந்தன. தச்சர்கள் எங்கேயும் போயிருக்கவில்லை. படிவத்தில் ஒரு கட்டம் கூடுதலாகச் சேர்ந்தது, அவ்வளவுதான். இந்தக் கதையைப் படித்த அன்று பைதேவின் கோப்பை மறுபடி எடுத்தேன்.

இப்போது சட்டத்திலும் கொஞ்சம் காற்று மாறியிருக்கிறது. 1927 வனச் சட்டப்படி மூங்கில் ஒரு மரம். சொந்தத் தோட்டத்தில் வளர்ந்ததை வெட்டிக் கொண்டு போகவும் பர்மிட் அலைச்சல். 2017 நவம்பரில் காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் மரமல்ல என்று திருத்தினார்கள். புல்லைப் புல் என்று ஒப்புக்கொள்ள தொண்ணூறு வருஷம்! தேசியக் கட்டட விதித்தொகுப்பிலும் மூங்கிலுக்கு ஒரு பகுதி இருக்கிறது. வெண்காரமும் போரிக் பவுடரும் கலந்த கரைசலில் ஊறவைத்த மூங்கிலை உளு எளிதில் தொடாது.

பைதேவின் புதுத் திட்டம் இதையெல்லாம் கலந்தது. வரைந்தவர் ஒரு இளம் பெண் இன்ஜினீயர். மூன்றடிக் கான்கிரீட் மேடை, அதில் பதித்த இரும்புப் பாதங்களின் மேல் தூண்கள். சால் மரம் மூலைகளுக்கு மட்டும், நடுவில் பதப்படுத்திய மூங்கில். சுவர் இகராதான், வெளிப்புறம் மெல்லிய சிமென்ட் பூச்சு. தகரத்துக்கும் உள்கூரைக்கும் நடுவில் காற்று ஓட ஒரு பெரிய இடைவெளி, இரண்டு முனையிலும் ஜாலி. மூன்றரை அடி இறவாணம். யானை வரும் பக்கம் சமையலறையும் நெல் வைக்கும் அறையும் வராதபடி திருப்பியிருந்தார். ஒரு பெரிய மரத்தையும் வெட்டவில்லை. வீடுதான் வளைந்து கொடுத்திருக்கிறது. கட்டமைப்புச் சான்றிதழும் அவரே கையெழுத்திட்டுக் கொடுத்தார். அதை வைத்து மேலிடத்துக்கு இரண்டு பக்கக் குறிப்பு எழுதினேன்.

கடன் கிடைத்தது, ஆனால் 20 வருஷத்துக்கு இல்லை, 10 வருஷத்துக்கு. ஒன்பது சதவீத வட்டியில் லட்சத்துக்கு மாதம் 900 ரூபாய் கட்ட வேண்டியவர் 1,267 கட்ட வேண்டும். பென்ஷன் தாங்காது என்று பைதேவ் ஒரு அறையைக் குறைத்துவிட்டார். 'மகன் வந்தா வராந்தாவுல படுத்துக்கட்டும், கான்கிரீட்டை விட அது குளுகுளுன்னு இருக்கும்' என்றார்.

முதல் தவணைப் பணம் விடுவதற்கு முன் மனையைப் பார்க்கப் போயிருந்தேன். மேடை முடிந்து தண்ணீர் கட்டியிருந்தார்கள். மூங்கில் எங்கே என்றேன். குளத்தைக் காட்டினார். மேலே கல்லேற்றி அமுக்கி வைத்திருந்தார்கள், தண்ணீர் கறுத்துக் கொஞ்சம் வாடை அடித்தது. சர்க்கரைச் சத்து வெளியேற இன்னும் ஆறு வாரம், அதன் பிறகுதான் வெண்காரக் கரைசல் என்றார் தச்சர். ஆய்வு அறிக்கையில் 'கட்டுமானப் பொருள் இருப்பு' என்ற இடத்தில் 'குளத்தில் உள்ளது' என்று எழுதிவிட்டு வந்தேன்.